சோறில்லாத விருந்து

என்றைக்கும் என் நெஞ்சைவிட்டு நீங்காத உங்களுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை மதியம் நம் வீட்டில் ஆறு பேர் இருந்தோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான், நம் எஸ்தர், உங்கள் தம்பி ஜேக்கப். அந்தப் பக்கம் குமரேசன் என்கிற பையன், அவன் அம்மா பழனியம்மாள், அந்த அம்மாவின் அண்ணன் கந்தசாமி. கார் ஓட்டி வந்தவர் கடைசிவரை உள்ளே வரவில்லை, அதனால் அவரை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. சுவரில் உங்கள் படம் இருந்தது. அதையும் சேர்க்கவில்லை.

இவர்களெல்லாம் யார், நம் வீட்டுக்கு எதற்கு வந்தார்கள் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். பயப்படாமல் கேளுங்கள் என்று எழுத வந்து, பேனாவை நிறுத்திவிட்டேன். பயப்படுவது நான்தானே? நீங்கள் இருக்கிற இடத்தில் பயம் இல்லை என்று வேதம் சொல்கிறது. பயமில்லாத ஒருவர் யோசித்துச் சொன்னால் தேவலை என்றுதான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் போன மறு வருஷம் எஸ்தருக்கு மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. மூன்று வருஷம் ஆகிவிட்டது. அதே ஆஸ்பத்திரியில் ஏசி மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவன் குமரேசன். பெருந்துறைக்குத் தெற்கே ஒரு ஊர். கிணறு, தோட்டம், தென்னை எல்லாம் உண்டு. நம் சனம் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்குப் போன தோட்டக்காரர்களின் சாதி. இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை, உங்களுக்கே புரியும்.

இரண்டு பேரும் ஒன்றாக லீவு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். லீவு முடிய இன்னும் பதினெட்டு நாள். அதற்குள் கல்யாணம் என்று நிற்கிறார்கள். பையனுக்குச் சின்ன வயதிலேயே தகப்பன் இல்லை. இந்தக் கந்தசாமி மாமன்தான் தோட்டத்தைப் பார்த்து, பையனைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். அவருக்கும் ஒரு பெண் இருக்கிறாள். முறைப்பெண். அவளை இந்தப் பையனுக்குத்தான் என்று பிறந்ததிலிருந்தே பேசி வைத்திருந்தார்களாம். இப்போது புரிகிறதா என் பயம்?

போன செவ்வாய்க்கிழமை நம் போத்தனூர்ச் சந்துக்குள் ஒரு ஜீப் வந்தது. பச்சை நிறம். மெதுவாக வந்து, நம் வீட்டைத் தாண்டி, திரும்பி வந்தது. வியாழக்கிழமை மறுபடியும் வந்தது. முனைக்கடைக்காரரிடம் இரண்டு பேர் இறங்கி, "மஸ்கட் நர்ஸம்மா ஊடு எதுங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் காட்டிவிட்டார். காட்டாமல் என்ன செய்வார்? அன்றிலிருந்து நான் பின்கதவுக்கும் தாழ்ப்பாள் போடுகிறேன். எஸ்தரைத் தனியாகக் கடைக்கு அனுப்புவதில்லை. கேட்டால், "தலைவலிக்குது, கூடவே இரு கண்ணு" என்கிறேன். பொய்தான். ஆண்டவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படி இருக்கும்போது சனிக்கிழமை குமரேசனிடமிருந்து முனைக்கடை எஸ்டிடி பூத்துக்குப் போன் வந்தது. அம்மாவும் மாமாவும் பெண்ணைப் பார்க்க ஞாயிறு மதியம் வருகிறார்கள் என்று. பூத்திலிருந்து ஓடிவந்து எஸ்தர் சொன்னபோது அவள் முகத்தில் சிரிப்பு. நான் போய்ப் பின்கதவுத் தாழ்ப்பாளை இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்தேன்.

"மதியம்னா சாப்பாட்டு நேரமாச்சே. பிரியாணி செஞ்சிரலாமா?" என்று கேட்டேன்.

"வேண்டாங்கம்மா. பிரியாணி செஞ்சா அவங்க ஊட்டுப் பிரியாணியோட வெச்சுப் பாப்பாங்க. கொழம்பு வெச்சா மொளகாய் சாஸ்தி, எண்ணெய் எச்சும்பாங்க. நான் பாஸ்தா செய்யறேன். கோழி போட்டு, பாலாடை ஊத்தி. அது அவங்க சாப்பிட்டே இருக்கமாட்டாங்க. ஆரு ஊட்டுப் பக்குவம்னு ஒருத்தராலயும் சொல்ல முடியாது."

கடைசி வார்த்தையை அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. நம் கை பட்டதாகவே தெரியாத ஒரு சாப்பாட்டை அவள் தேடியிருக்கிறாள். என் பிள்ளை என் சமையலை ஒளிக்கப் பார்க்கிறாளே என்று கோபப்பட வேண்டியவள், சரி கண்ணு என்று தலையாட்டினேன். பயம் அப்படித் தலையாட்ட வைக்கிறது.

அதைச் செய்வதற்கு அவள் மஸ்கட்டிலிருந்து ஒரு சாமான் கொண்டுவந்திருக்கிறாள். ஸ்லோ குக்கர் என்று பெயர். வெளியே தகரம், உள்ளே கனமான பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி. கரண்டில் சொருகிவிட்டால் ஐந்தாறு மணி நேரம் தானாக வெந்துகொண்டிருக்கும். அங்கே டியூட்டிக்குப் போகிறவர்கள் காலையில் வைத்துவிட்டுப் போய், வந்து சாப்பிடுவார்களாம். வந்த அன்றைக்கே ஜேக்கப் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணி, இது அடைகாக்கற பொட்டியாட்டம் இருக்குது. இதுல கோழிய வெச்சா வேகுமா, இல்ல எந்திரிச்சு முட்டை வெச்சுப்போட்டுப் போயிருமா?"

"சித்தப்பா, உங்களுக்கு இதுல ஒரு கரண்டி கூடத் தரமாட்டேன்" என்றாள் எஸ்தர்.

"தரவேண்டாஞ்சாமி. அஞ்சு மணி நேரம் வெந்தாத்தான் சோறுன்னா, நான் அக்கட்டப் போயி ரெண்டு பரோட்டாத் தின்னுபோட்டு வாரேன்."

இனி நேற்று நடந்ததை எழுதுகிறேன். நான் எப்போதும்போல எல்லாவற்றையும் மணி போட்டு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். நீங்கள் ஸ்டேஷனில் வண்டி வந்த நேரம், போன நேரம் குறித்து வைப்பீர்களே, உங்களைப் பார்த்துப் பழகியதுதான்.

ஆறு மணி நாற்பது. எஸ்தர் குளிக்கப் போயிருந்தாள். கழுவிய கோழி தட்டில் இருந்தது. "அம்மா, தொடாதீங்க, நான் வந்து போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். வெள்ளை வெளேரென்று பச்சைக் கறி கிடக்கிறது. எப்படிச் சும்மா இருப்பது? என் கை தானாக அஞ்சறைப் பெட்டிக்குப் போய்விட்டது. மஞ்சள்தூளை எடுத்து நன்றாகத் தடவிப் பிசறிவிட்டேன். பச்சைக் கறியைக் கண்டால் மஞ்சள் தடவுவது முப்பது வருஷப் பழக்கம். கவிச்சி போகும், கிருமி சாகும். பிறகுதான் அவள் சொன்னது ஞாபகம் வந்து, தண்ணீரில் அலசி வைத்தேன். சட்டிக்குள் போட்ட துண்டுகளைப் பார்த்து அவளும் ஒன்றும் சொல்லவில்லை. பூண்டு, மிளகுத்தூள், வெண்ணெய், கோழி எலும்பை முன்பே வேகவைத்து எடுத்த தண்ணீர் ஒரு டம்ளர் என்று மேலே போட்டு மூடிவிட்டாள்.

ஏழரை. சொருகி ஆயிற்று. சத்தம் இல்லை, ஆவி இல்லை, வாசனை இல்லை. நம் குக்கர் என்றால் விசில் எண்ணிக்கொள்ளலாம். அடுப்பு என்றால் தீயைப் பார்க்கலாம். இதில் எரிகிறதா இல்லையா என்று சொல்ல ஒரு சின்ன சிவப்பு லைட். அவ்வளவுதான். எட்டே காலுக்கு வீட்டைப் பூட்டி, கரண்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஆராதனைக்குக் கிளம்பச் சொல்கிறாள்.

"ஊடு தீப்புடிச்சுக்கிச்சுன்னா?"

"அம்மா, இது அதுக்குன்னே செஞ்சதுங்கம்மா. ஆள் இல்லாத ஊட்டுல வேகறதுக்குத்தான் செஞ்சிருக்காங்க."

கோயிலில் உட்கார்ந்திருந்தேன், ஆனால் நான் அங்கே இல்லை. போதகர் ஐயர் எந்த அதிகாரம் வாசித்தார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இருபத்தேழு வருஷமாக ஞாயிறு பிரசங்கத்தைக் குறித்து வைக்கிறேன், நேற்று அந்தப் பக்கம் வெள்ளையாக இருக்கிறது. கண்ணை மூடினால் நம் வீட்டு ஜன்னலில் புகை வருகிறது. புகையைத் தள்ளிவிட்டால் அந்தப் பச்சை ஜீப் வருகிறது. பூட்டிய வீட்டுக்கு யாராவது வந்து ஏதாவது செய்துவிட்டால்? ஆமென் என்று எல்லாரும் சொன்னபோது ஒரு வார்த்தை தள்ளி நான் ஆமென் சொன்னேன். பக்கத்தில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார்கள்.

பத்து நாற்பதுக்கு வீட்டுக்கு வந்தோம். வீடு இருந்தது. கதவைத் திறந்ததும் பூண்டும் வெண்ணெயும் கலந்த வாசனை வாசல்வரை வந்திருந்தது. ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று சொல்லி வாயை மூடுவதற்குள், பத்து ஐம்பதுக்குக் கரண்டு போயிற்று.

நாற்பத்தைந்து நிமிஷம். சிவப்பு லைட் செத்துக் கிடக்கிறது. உள்ளே கோழி வெந்ததா, பாதியில் நின்றதா என்று தெரியவில்லை. பாதி வெந்த கோழியைத் தின்றால் என்ன ஆகும் என்று தெரியும். அவர்கள் வீட்டுப் பெரிய மனிதருக்கு நம் வீட்டில் சாப்பிட்டு ஒன்று ஆகிவிட்டால், கோழி கெட்டுப்போனது என்றா சொல்வார்கள்? மருந்து வைத்துவிட்டோம் என்று வேறு பெயர் வைப்பார்கள். அது ஊருக்குள் போய்ச் சேருவதற்குள் நாம் இங்கே இருப்போமா?

எஸ்தர் துணி மாற்றப் போனதும் நான் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டேன். கோழி வெந்திருந்தது. எலும்பு தனியாகக் கழன்று வருகிற அளவுக்கு வெந்திருந்தது. ஆனால் சட்டியில் இருந்த தண்ணீர் எல்லாம் மஞ்சள்.

"ஐயோ, அம்மா! தெறந்துட்டீங்களா? ஒருக்கா தெறந்தா அரை மணி நேரம் பின்னால போயிருங்க!" என்று ஓடிவந்தவள் உள்ளே பார்த்தாள். "இது ஏன் இப்படி இருக்குது?"

"மஞ்சத்தூளு தடவிப்போட்டேன் கண்ணு. துளிதான். அலசியும் விட்டேன்."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. சுவரில் சாய்ந்து நின்று, "வெள்ளையா இருக்கணுங்கம்மா. வெள்ளையாத்தான் இருக்கணும்" என்று இரண்டு முறை சொன்னாள். என்னை அழவைத்தது அதுதான். கரண்டு வந்ததும் பாலாடையும், டின் சீஸைத் துருவியும், சங்குபோல வளைந்த அந்த மக்ரோனியையும் போட்டுக் கிளறினாள். எவ்வளவு பாலாடை ஊற்றியும் வெள்ளையாகவில்லை. இளமஞ்சளாக, பருப்பு கடைந்ததுபோல நின்றது.

"எலுமிச்சங்காய்ச் சோறுன்னு சொல்லிப் பரிமாறிரலாங்க" என்றார் ஜேக்கப். யாரும் சிரிக்கவில்லை.

நல்லவேளையாக, ஒன்று பத்துக்கு வெள்ளைக் கார் வந்தது, ஜீப் இல்லை. முதலில் அதைத்தான் பார்த்தேன். குமரேசன் இறங்கி அம்மாவுக்குக் கதவைத் திறந்துவிட்டான். மாமன் தானாக இறங்கினார். கையில் ஒரு தண்ணீர்க் கூஜா. வாசலில் நின்று அவரை என்ன சொல்லி அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் அப்பா காலத்தில் வேறு மாதிரி அழைத்தார்கள். அந்த வார்த்தை எங்கே என் வாயில் வந்து விழுந்துவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். "வாங்க, வாங்க, உள்ளுக்கு வாங்க" என்று முறை எதுவும் இல்லாமல் முடித்துவிட்டேன்.

எஸ்தர் தண்ணீர் கொண்டுவந்தாள். மாமன் கூஜாவைத் தட்டிக் காட்டினார்.

"வெளித்தண்ணி நமக்கு ஒத்துக்கறதில்லீங்க. தொண்டை புடிச்சுக்குது."

"அதுக்கென்னங்க, எங்கண்ணன் ரயில்வேல இருந்த காலத்துல இருந்து இங்க சிறுவாணித் தண்ணிங்க. தொண்டை நல்லாயிருக்கும், பாட்டே பாடலாம்" என்றார் ஜேக்கப்.

மாமன் சிரித்தமாதிரியும் இருந்தது, சிரிக்காத மாதிரியும் இருந்தது. ஆனால் பழனியம்மாள் டம்ளரை எடுத்துக் குடித்தாள். ஒரு மடக்கில் முழுவதையும் குடித்து, டம்ளரை எஸ்தர் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது அவள் விரலைப் பார்த்தாள். நர்ஸ் கை, நகம் ஒட்ட வெட்டியிருக்கும்.

"ஊசியெல்லாம் போடுவியா அம்மணி?"

"போடுவேனுங்க அத்தை."

"எனக்குப் போடாத. நான் ஊசியக் கண்டா மயங்கிப்போயிருவேன்."

பையன் சிரித்தான். அந்த ஒரு நிமிஷம் எனக்கு மூச்சு வந்தது.

தட்டுகளை வைத்தோம். எஸ்தர் ஒவ்வொரு தட்டிலும் ஒரு ஸ்பூனும் ஒரு முள்கரண்டியும் வைத்திருந்தாள். மாமன் ஸ்பூனால் கிளறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பழனியம்மாள் குனிந்து தட்டை உற்றுப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே என்னைக் கேட்டாள்.

"ஏனுங்க, மஞ்சப் போட்டிருக்குதுங்களா?"

எஸ்தர் என்னைப் பார்த்தாள். "ஆமாங்க. நாந்தானுங்க. புள்ள வேண்டாம்னா, கேக்காம தடவிப்போட்டேன்" என்றேன்.

"நல்லவேளைங்க. இவன் போன வருஷம் வந்தப்ப ஈரோட்டுல ஒரு பெரிய ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போனானுங்க. வெள்ளையா ஒரு கோழி. மஞ்சளும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாயில வெக்கவே முடியலீங்க எனக்கு." முள்கரண்டியை எடுத்துத் தள்ளி வைத்தாள். "இது நமக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கையாலேயே எடுத்து உண்டாள். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினாள். நம் வீட்டில், நம் தட்டில். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். என் மகள் ஒளிக்கப் பார்த்ததை அவள் கண்டுபிடித்து, அதையே நல்லதென்று தின்றுகொண்டிருந்தாள்.

உங்களுக்கு நம் பக்கத்துப் பழக்கம் தெரியும். பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பி குடிப்பார்கள், பலகாரம் சாப்பிடுவார்கள். ஒத்துவராவிட்டால் எழுந்து போகலாம், யாரும் கேட்கமாட்டார்கள். சம்மதமானால்தான் சாப்பாட்டுக்கு உட்காருவார்கள். சாப்பிட்டுவிட்டால் வாக்குக் கொடுத்ததாகக் கணக்கு. பழனியம்மாள் இரண்டாம் முறை தட்டை நீட்டியபோது என் மனம், முடிந்தது, ஆண்டவர் முடித்துக்கொடுத்துவிட்டார் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது. எவ்வளவு பைத்தியக்காரி நான்.

மாமன் நாலு ஸ்பூன் சாப்பிட்டிருப்பார். ஸ்பூனைத் தட்டில் குறுக்கே வைத்தார். கூஜாவைத் திறந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்தார்.

"நல்லாத்தானுங்க இருக்குது. புள்ள நல்லா ஆக்கியிருக்குது." எல்லாரும் அவரையே பார்த்தோம். "ஆனாப் பாருங்க, இது பலகாரந்தானுங்க. சேமியா ஜாதி. சோறு போடலீங்களே நீங்க."

"சோறா மாமா?" என்றான் பையன்.

"சோறு உண்டாத்தான் உண்ட மாதிரி. பலகாரம் தின்னதெல்லாம் வாக்கு ஆகாது. நாளைக்கு ஒருத்தன் கேட்டான்னா, போத்தனூர்ல போயி காப்பித்தண்ணி குடிச்சுப்போட்டு வந்தமுன்னு சொல்லிக்கலாம். நான் சொல்றது சரிதானுங்க?"

சரிதான். அதுதான் என்னைக் கொல்கிறது. நம் வழக்கப்படி அவர் சொன்னது சரி. அரிசி டப்பா நான் நிற்கிற இடத்திலிருந்து கை எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஒரு படி அரிசி போட்டு வடித்திருந்தால் அவரால் இப்படிச் சொல்லி எழுந்திருக்க முடியுமா? பழக்கவழக்கம் எல்லாம் தெரிந்த நான் ஏன் ஒரு கைப்பிடி சோறு வடிக்கவில்லை? பாஸ்தா பாஸ்தா என்று பிள்ளை சொல்வதைக் கேட்டு, அது சாப்பாடா பலகாரமா என்று ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லையே. ஐந்து மணி நேரம் அது வேகுமா என்று மட்டும்தான் பயந்தேன்.

எஸ்தர் முகம் செத்துவிட்டது. பழனியம்மாள் எழுந்து பின்பக்கம் போய்க் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"சோறுதானுங்கண்ணா வேணும்? நம்மூட்டுல ஆக்கறேன். வர்ற புதங்கெழம இவிங்க எல்லாரும் வரட்டும். நான் ஆக்கிப் போடறேன். எங்கூட உக்காந்து உண்ணட்டும்."

அவள் இதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அண்ணனைப் பார்த்துச் சொன்னாள். அவர் அவளையே பார்த்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கூஜாவின் மூடியைத் திருகி மூடினார். "நேரமாவுது" என்று காரில் போய் உட்கார்ந்துகொண்டார். பழனியம்மாள் போகும்போது என் கையைப் பிடித்து, "வந்துருங்க அம்மணி" என்றாள்.

அப்புறம் வீட்டுக்குள் ஒரே சண்டை. எஸ்தருக்கு ஒரே பேச்சுத்தான்.

"அவங்களே கூப்புட்டுட்டாங்கம்மா. இன்னும் என்ன வேணும்?"

"கூப்புட்டது ஆரு கண்ணு? அம்மா. தோட்டமும் ஆளும் ஆரு கையில இருக்குது? மாமன் கையில" என்றார் ஜேக்கப். என்னிடம் திரும்பி, "அண்ணி, நான் வெளையாட்டுக்குச் சொல்லல. போகவேண்டாம். இங்க நம்ம தெரு, நம்ம சனம், கூப்புட்டா நாலு பேர் வருவாங்க. அந்தக் காட்டுக்குள்ள போயிட்டா கூப்புட ஆருங்க இருக்கா?"

"குமரேசன் இருக்காரு!"

"அவன் ஒருத்தன், கண்ணு. ஒருத்தன்."

சாயங்காலம் நான் முனைக்கடைக்குப் போனேன், பால் வாங்குகிற சாக்கில். கடைக்காரரிடம் கேட்டேன், மதியம் வந்த கார்க்காரர்தான் அந்த ஜீப்பில் வந்தவரா என்று. அவர் யோசித்தார். "அந்த டிரைவர் மூஞ்சி பாத்த மாதிரித்தான் இருக்குதுங்க. ஆனா சத்தியம் பண்ணமாட்டேன்" என்றார். பெண் வீட்டை விசாரிக்க வந்திருக்கலாம். எல்லாரும் விசாரிப்பார்கள்தானே? இல்லை, வேறு எதற்காவது வந்திருக்கலாம். எதை நம்புவது?

உங்களிடம் கேட்கக் காரணம் இருக்கிறது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை நீங்கள் அதைச் சொன்னீர்கள், அப்புறம் எத்தனை கேட்டும் வாயைத் திறக்கவில்லை. பத்து வயதில் ஒரு பொங்கலன்று உங்கள் அப்பாவோடு பண்ணையக்கார வீட்டு வாசலில் நின்றீர்கள். கையிலிருந்த போசிப் பாத்திரத்தைக் கீழே வைக்கச் சொல்லி, தள்ளி நிற்கச் சொல்லி, மேலே இருந்து சோற்றைப் போட்டார்கள். போசி சாய்ந்து பாதி மண்ணில் விழுந்தது. அப்பா அதை அள்ளி ஊதி ஊதி எடுத்தார். "ரயில்வேல வேலை கெடச்ச அன்னிக்கு முடிவு பண்ணுனேன், இனி அவங்க வாசல்ல சோத்துக்கு நிக்கறதில்ல" என்றீர்கள். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த நீங்கள், அந்தத் திசைக்குத் திரும்பிப் பார்க்கவில்லை.

இது அந்த ஊர் இல்லை. இரண்டு ஊர் தள்ளி. வாசல்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்குமா? பழனியம்மாள் எங்கூட உக்காந்து என்று சொன்னாள். அந்த வார்த்தை என் காதில் நன்றாக விழுந்தது. ஆனால் தன் ஊரில், தன் சனத்தின் நடுவில் நிற்கும்போதும் அந்த வார்த்தை அவளுக்கு ஞாபகம் இருக்குமா? நீங்கள் பட்டதை மறந்துவிட்டு நான் போனால் உங்களுக்குத் துரோகமா? போகாவிட்டால், சோற்றுக்குக் கூப்பிட்டும் வரவில்லை, அவர்களுக்கே இஷ்டமில்லை என்று சொல்லி மாமன் கதவை மூடிவிடுவார். அதுதான் அவருக்கு வேண்டியதோ என்னவோ. எஸ்தர் அழமாட்டாள், உங்கள் பிள்ளை. ராத்திரியோடு ராத்திரியாக அவனோடு எங்காவது போய்விடுவாள். அப்படிப் போனவர்களைப் பற்றிக் காதில் விழுந்ததெல்லாம் எனக்குத் தெரியும். அதை எழுத எனக்குத் தைரியமில்லை.

இன்றைக்குக் காலையிலிருந்து முழங்காலில் நின்று கேட்டுவிட்டேன். ஆண்டவர் பயப்படாதே என்கிறார். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அவரிடம் கோபித்துக்கொள்ள முடியாது. உங்களிடம் முடியும். இப்படி நடுவில் விட்டுவிட்டு நீங்கள் போயிருக்கக் கூடாதுங்க.

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். போனால், எஸ்தரை முன்னால் விடமாட்டேன். அவளையும் ஜேக்கப்பையும் பஸ் நிற்கிற இடத்தில், ஆட்கள் நடமாடுகிற டீக்கடையில் உட்காரவைத்துவிட்டு, நான் தனியாக நடந்து அந்த வீட்டுக்குப் போவேன். உள்ளே ஆசாரத்துக் கூடத்துக்குக் கூப்பிட்டு, அந்த அம்மா பக்கத்தில் இலை போட்டால், உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுவேன். அன்று அந்த வாசலில் நீங்கள் கேட்ட வார்த்தைக்கும் உங்கள் அப்பா ஊதித் தின்ற சோற்றுக்கும் சேர்த்து, மெதுவாக, மறு சோறு கேட்டுச் சாப்பிடுவேன். அதற்குப் பிறகுதான் பிள்ளையைக் கூப்பிட ஆள் அனுப்புவேன். வாசலில் இலை போட்டால், ஒரு பருக்கை தொடாமல் எழுந்து, வந்த வழியே நடந்து வந்துவிடுவேன். யார் என்ன சொன்னாலும் திரும்பிப் பார்க்கமாட்டேன். இது சத்தியம்.

ஆனால் போகலாமா, கூடாதா? அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நாளை சாயங்காலம் ஆறு மணிக்குக் குமரேசன் பூத்துக்குப் போன் செய்வான். வருகிறோமா இல்லையா என்று நான்தான் பேச வேண்டும், வேறு யாரையும் பேசவிடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆறு மணிக்குள் எனக்குப் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எஸ்தரின் அம்மா,
உங்கள் மனைவி ராகேல்